கவாரீர்

வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருவோர் கொண்டுவரும் அட்டைப்பெட்டிகளில், விரிசலிட்ட கிண்ணப் படத்தினருகே ‘காபிலுன் லில் கஸ்ர்’ என்ற அரபு வாசகம் அச்சாகியிருப்பதைக் காண்கிறோம். ‘உடையக்கூடியது’ என்பது அதன் பொருள். எளிதில் உடையும் கண்ணாடிக் கலங்களுக்கென அரபியில் பழைய சொல்லொன்றும் உண்டு: கவாரீர்.

இதன் ஒருமை காரூரா. நிலைகொள்ளுதல் என்னும் கருத்துடைய வேரிலிருந்து பிறந்தது; நீர்மம் தங்கி நிற்கும் கலமாதலால் இப்பெயர் என்பர். கண்குளிர்ச்சியைக் குறிக்கும் ‘குர்ரத்து அய்ன்’ என்பதிலும் இதே வேரெழுத்துகளே உள்ளன. திருக்குர்ஆனில் கவாரீர் மூன்று முறை வருகிறது. அந்நம்ல் அத்தியாயத்தில் ஸபா நாட்டு அரசி நீரென்று எண்ணிய மாளிகைத் தளம் இதனால் ஆனது. அத்தஹ்ர் அத்தியாயத்தில் சுவனத்தின் வெள்ளிக் கிண்ணங்களுக்கு இரு முறை இச்சொல் ஆளப்படுகிறது. யூனானி ஹகீம்கள் நோயாளியின் சிறுநீரைக் குடுவையிலிட்டுப் பார்த்த வழக்கத்தால், உருதுவில் ‘காரூரா’ என்றாலே அச்சிறுநீர் என்றாகிவிட்டது. சொற்களுக்கும் தலைவிதி உண்டு போலும்!

நம் நிகாஹ் பயான்களில் இச்சொல் ஒலிப்பது அன்ஜஷா அவர்களின் நிகழ்ச்சியால். இனிய குரலில் பாடி ஒட்டகங்களை ஓட்டுபவர் அவர். பாட்டில் மயங்கி ஒட்டகங்கள் விரைந்தபோது, மேலே பெண்கள் அமர்ந்திருந்தமையால், கண்ணாடிக் கலங்களை மெல்லக் கொண்டுசெல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

கட்டளை ஒட்டகம் ஓட்டியவருக்கே இடப்பட்டது. நம்மிடையே சிலரோ இதனைப் பெண்களிடம் கூறி, ‘நீ கண்ணாடி, கல்லூரி எதற்கு, பயணம் எதற்கு’ என்று கதவடைக்கின்றனர். அன்று அப்பெண்கள் பயணத்தில்தான் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் உம்மு ஸுலைம் (ரலி). ஹுனைன் போர்க்களத்தில் இடுப்பில் குத்துவாளோடு நின்றவர். அவரும் ‘கண்ணாடி’ எனக் கனிவோடு எண்ணப்பட்டவர்களுள் அடக்கம். இதை ஏனோ பயான்களில் நாம் அதிகம் கேட்பதில்லை.

இந்நிகழ்ச்சியை அனஸ் (ரலி) அவர்களிடமிருந்து அறிவித்த அபூகிலாபா, இத்தகைய சொல்லை உங்களில் ஒருவர் கூறியிருந்தால் அவரைக் குறை சொல்லியிருப்பீர்கள் எனத் தம் மாணவர்களிடம் கூறினார். இன்றும், பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாத மனைவிக்காக, ‘உம்மா, அவளைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கள்’ என்று மகன் சொன்னால், பெண்டாட்டி பேச்சைக் கேட்பவன் என்ற பெயர் மக்ரிபுக்குள் தெரு முழுதும் பரவிவிடுகிறது.