நாலாம் பக்கத்து அறிவித்தல்

பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்த காலத்தில் நான் மிகவும் வெறுத்த வேலை அரச அறிவித்தல்களைத் திருத்துவது. கேள்விப்பத்திரம், காணி சுவீகரிப்பு, ஏலவிற்பனை ஆகியவற்றினிடையே சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பற்றிய அறிவித்தலும் இடைக்கிடை வரும். அறிக்கையை இன்ன பிரதேச செயலகத்தில் பார்வையிடலாம், 30 நாட்களுக்குள் கருத்துகளை எழுத்தில் அனுப்பலாம் என்றிருக்கும். எழுத்துப் பிழை பார்த்து அச்சுக்கு அனுப்பிவிடுவேன். பின்னர் ஆசிரிய பீடத்துக்கு மாறிய போதும் அவற்றுள் ஒன்றையேனும் செய்தியாக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியதில்லை.

2015இல் சுன்னாகம் சென்றிருந்தேன். மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்துவிட்டதென மக்கள் கொதித்திருந்த நேரம். ஒரு வீட்டுக் கிணற்றடியில் முதிய அம்மா ஒருவர் வாளியை என் முகத்தருகே நீட்டினார்.

“மணந்து பாருங்கோ தம்பி. உங்கட பேப்பரில இதைப் பற்றி முந்தி ஏதும் வந்ததோ?”

வந்திருந்தாலும் நாலாம் பக்கத்துப் பொடி எழுத்தில் வந்திருக்கும். அதை அவர் வாசித்திருக்க மாட்டார் என்பது அச்சிட்ட எங்களுக்குத் தெரியாததா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீரே நெடுங்காலம் குடிநீராக இருந்துவந்தது. கல்லின் வெடிப்புகளூடாக ஒரு வளவில் ஊறுவது அயல் வளவுக் கிணற்றுக்கும் போகும். எந்த மாரியில் எந்தக் கிணறு நிரம்பும், ஊற்று எத்திசையால் வரும், எந்த வீட்டுப் பிள்ளை அந்த நீரைக் குடிக்கிறது என்பவற்றை நிபுணர்கள் அந்த அம்மாவிடம் கேட்டல்லவா அறிய வேண்டும்? எங்கள் சட்டமோ, மக்கள் தாமாக வந்து எழுதித் தரட்டும் என்கிறது. பகிரங்க விசாரணை வைப்பது அதிகாரிகளின் விருப்பம். சிறிய திட்டங்களுக்கான ஆரம்பப் பரிசோதனை அறிக்கைக்குக் கருத்துக் கேட்கும் கட்டாயமும் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போயிற்று.

சுன்னாகத்துக்காக உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தவர் தென்னிலங்கைச் சுற்றாடல் ஆர்வலர் ஒருவர். (நாங்கள் எங்கே போயிருந்தோம் என்று கேட்காதீர்கள்.) 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமென நீதிமன்றம் பணித்தது. கிணறுகள் கெட்டபின் கிடைத்த காசு அது.

இப்போது அத்தகைய அறிவித்தலைக் கண்டால் பிரதேச செயலகத்துக்கே போய்விடுகிறேன். சென்ற முறை அலுமாரித் திறப்பு வைத்திருந்தவர் லீவு. மூன்றாம் நாள்தான் அறிக்கை கைக்கு வந்தது. எனக்கு முன்னர் ஒரு கமக்காரர் வந்து கேட்டுவிட்டுப் போனதாகக் காவலாளி சொன்னார். அவர் திரும்ப வந்தாரோ என்று விசாரித்தேன். காவலாளி காணவில்லையாம்.