கருப்பிக்கு வேர்க்காது

மெஸ்ஸில் முட்டை போடுற நாளில் தட்டோடு முதல் ஆளாக வரிசையில் நிற்கிறவங்க எல்லாரும் இதைக் கொஞ்சம் படிங்க. நான் சொல்லப்போறது பண்ணைக் கோழி கதை இல்லை. சென்னிமலை பக்கம் எங்க அம்மாயி வீட்டுப் பொடக்காலியில் திரியும் பன்னிரண்டு நாட்டுக்கோழிகளின் கதை. (பொடக்காலின்னா கொல்லைப்புறம். கொங்குக்காரங்க கூட ஒரு வருஷம் ரூமில் இருந்தா உங்களுக்கும் பழகிடும்.)

பன்னிரண்டு என்பது 2024 ஏப்ரல் வரைக்கும் இருந்த கணக்கு. அது பத்து ஆனதுக்கு நான்தான் காரணம்.

அந்த ஏப்ரல் கடைசி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கத்திரி தொடங்கறதுக்கு முன்னாடியே ஈரோட்டில் 42 டிகிரியைத் தொட்டுவிட்டது. எனக்கு ஸ்டடி லீவு. ஹீட் ட்ரான்ஸ்ஃபர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் காலையில் அம்மாயி சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினாங்க. "சாமி, கோழிக்குத் தண்ணி மட்டும் பாத்து ஊத்தீரு" என்று ஒரே ஒரு வேலைதான் சொன்னாங்க.

அதை மட்டும் செய்திருக்கலாம். ஆனால் நமக்குத்தான் படிச்ச மூளை ஆச்சே!

பதினோரு மணிக்கு எட்டிப் பார்த்தேன். கோழிகள் எல்லாம் வேப்பமரத்தடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இந்த அனலில் இதுகளை வெளியே விடலாமா என்று தோன்றியது. எல்லாவற்றையும் துரத்திப் பிடித்துக் கூண்டுக்குள் அடைத்தேன். கூண்டுக்கு மேலே தகர சீட்டு, நாலு பக்கமும் கம்பி வலை. வீட்டில் கிடந்த சாக்கையெல்லாம் தண்ணியில் முக்கி நாலு பக்கமும் இடைவெளியே இல்லாமல் கட்டினேன். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்று முந்தின நாள்தான் படித்திருந்தேன். ஏர் கூலர் தத்துவமும் அதுதானே? உள்ளே ஒரு தெர்மாமீட்டரையும் தொங்கவிட்டேன்.

ஒரு மணிக்குப் பார்த்தபோது வெளியே 41, உள்ளே 36. பெருமை தாங்கவில்லை. மறுபடியும் சாக்கை நனைத்துவிட்டு, ஃபோட்டோ எடுத்து கிளாஸ் குரூப்பில் போட்டுவிட்டுத் தூங்கிப் போனேன்.

மூன்றரை மணிக்கு அம்மாயியின் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். அவங்க சாக்கைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தாங்க. கூண்டுக்குள்ளிருந்து ஆவி அடித்தது, இட்லிக் குண்டாவைத் திறந்த மாதிரி. இரண்டு கோழி செத்துக் கிடந்தன. அதில் ஒன்று கருப்பி. வருஷத்துக்கு மூன்று தடவை அடைகாத்து, அந்த வீட்டுக் கோழிகளில் பாதியைப் பொரித்தது அதுதான். மற்றவை இறக்கையை விரித்துத் தரையோடு தரையாகப் படுத்திருந்தன.

அம்மாயி ஒவ்வொன்றாகத் தூக்கி மரநிழலில் விட்டாங்க. அகலமான மண்சட்டியில் பானைத் தண்ணியை ஊற்றி, ஒவ்வொரு கோழியின் காலையும் அடிவயிற்றையும் அதில் நனைத்தாங்க. கொண்டையில் ஈரக்கையால் தடவினாங்க. நான் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்துவர ஓடினேன். "அத்தனை சில்லுன்னு வேண்டாங்கண்ணு, அதிர்ந்து போயிரும்" என்றாங்க. வாயில் தண்ணி ஊற்றப் போனதையும் தடுத்தாங்க. மூச்சு வாங்கும் கோழிக்கு ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடுமாம். அலகு ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அதுவே குடிக்கும். பத்தும் பிழைத்தன.

என்னைத் திட்டவே இல்லை. ராத்திரி சோறு போடும்போது ஒரு கேள்விதான் கேட்டாங்க: "ஏஞ்சாமி, கோழிக்கு வேர்க்காதுன்னு உன்ற படிப்புல சொல்லித்தரலியா?"

உண்மையிலேயே வேர்க்காது மக்களே. கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. அதன் உடம்பு வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி. வெளிக்காற்று 30 டிகிரியாக இருந்தால் கொண்டை, தாடி, கால், தூக்கிப் பிடித்த இறக்கைக்கு அடியில் என்று பல வழியில் சூடு வெளியேறிவிடும். வெளிக்காற்றும் 41ஐத் தொட்டால் அந்த வழியெல்லாம் அடைபட்டுவிடும். நம்ம பாடத்தில் வரும் டெல்டா டி பூஜ்ஜியம்! மிச்சமிருக்கும் ஒரே வழி மூச்சு. வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கி, தொண்டை ஈரத்தை ஆவியாக்கித்தான் அது பிழைக்கணும்.

அந்த ஒரே வழியைத்தான் நான் அடைத்தேன். காற்றோட்டம் இல்லாத கூண்டு, நாலு பக்கமும் ஈரச்சாக்கு, மேலே கொதிக்கும் தகரம், உள்ளே பன்னிரண்டு உடம்புச் சூடு. காற்று முழுக்க ஈரமானால் கோழியின் தொண்டையிலிருந்து ஆவி எங்கே போகும்? வெளியே 41 டிகிரியில் வறண்ட காற்றும் நிழலும் இருந்தன. வாயைப் பிளந்து நின்ற கோழிகள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டிருந்தன. உள்ளே 36 டிகிரியில் அதற்கு வழியில்லை. நான் பார்த்தது தெர்மாமீட்டரை மட்டும்தான். ஈரப்பதம் என்ற ஒன்று கணக்கிலேயே வரவில்லை.

மறுநாள் அம்மாயியும் நானும் சேர்ந்து வேலையில் இறங்கினோம். உங்க வீட்டிலும் கோழி இருந்தால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க.

முதலில் கூரை. தகரத்தின் மேல் நாலு கட்டையைக் குறுக்கே வைத்து, அதன் மேல் தென்னந்தடுக்கைப் பரப்பினோம். நடுவில் ஒரு ஜாண் இடைவெளி. வெயில் தடுக்கோடு நின்றுவிடும், இடைவெளியில் காற்று ஓடும், தகரம் கொதிக்காது. சாக்கு மேற்குப் பக்கம் மட்டும், அதுவும் பாதி உயரத்துக்குத்தான். மற்ற மூன்று பக்கமும் திறந்தே இருக்கும்.

பகலில் அடைப்பதே இல்லை. மரத்தடி மண்ணைக் காலையில் நனைத்துவிட்டால் கோழியே குழி பறித்து, வயிற்றை ஈர மண்ணில் பதித்துப் படுத்துக்கொள்ளும். தண்ணி மூன்று இடத்தில், மண்சட்டியில், நிழலில், பாதி மண்ணுக்குள் புதைத்து. நடுமத்தியானம் ஒருதரம் மாற்றணும், ஏன்னா சுடுதண்ணியைக் கோழி சரியாகக் குடிக்காது.

தீனி விடிகாலையில் ஒருதரம், சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஒருதரம். செரிமானமே உடம்பில் சூட்டைக் கிளப்பும், அதனால் உச்சிவெயிலில் கம்பும் சோளமும் வேண்டாம். வெயில் காலத்தில் முட்டை ஓடு மெலிசாவதற்கும் காரணம் உண்டு. வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, ஓட்டுக்குத் தேவையான கால்சியம் சரியாகச் சேராது. தீனியும் குறைவாகத்தான் எடுக்கும். அம்மாயி முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துத் தீனியில் கலப்பாங்க. காரணம் நான் சொன்னேன், வைத்தியம் அவங்களுக்கு முன்னாடியே தெரியும்.

இன்னொன்று. கோழி சோர்ந்து நின்றால் எல்லாம் வெயில் என்று நினைக்காதீங்க. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தாலோ, கழுத்து திருகிக்கொண்டாலோ அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கேளுங்க.

எங்க அம்மாயிக்கு முட்டை விற்ற காசுதான் சொந்தக் காசு. நாங்க ஊருக்குப் போனால் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கையில் திணிக்கும் நோட்டும் அதிலிருந்து வருவதுதான். கருப்பி போனதில் அந்த வருஷம் ஒரு ஈடு குஞ்சு போச்சு. இன்டர்ன்ஷிப்பில் கிடைத்த பணத்தில் இரண்டு பெட்டைக்கோழி வாங்கித் தருகிறேன் என்றேன். "காசை வெச்சுக்க சாமி. தடுக்கு மொடையக் கத்துக்க, அடுத்த வெய்யலுக்கு வேணும்" என்றாங்க. கற்றுக்கொண்டேன். கூரையின் மேல் இப்போது கிடப்பது நான் முடைந்த தடுக்குதான், கொஞ்சம் கோணலாக.

ஹீட் ட்ரான்ஸ்ஃபரில் பாஸ் ஆகிவிட்டேன். இந்தக் கோடையில் ஊருக்குப் போகிறவங்க ஒன்று செய்யுங்க. மத்தியானம் இரண்டு மணிக்குப் படுக்கப் போகும் முன் செல்போனில் டிகிரி பார்ப்பதோடு விடாமல், பொடக்காலிக்குப் போய்க் கோழியை ஒருதரம் பார்த்துவிட்டு வாங்க. சட்டியில் தண்ணி சுட்டால் மாற்றி ஊற்றுங்க.