எருக்குழிப் புழு

கோடை விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்புங்கால், பாட்டியாரது தென்னந்தோப்பின் எருக்குழியினின்று காண்டாமிருக வண்டின் புழுக்கள் 5-ஐக் கண்ணாடிச் சாடியொன்றிற் கொணர்ந்தோம். தென்னங்குருத்தைத் துளைத்துண்ணும் பகையை வளர்ப்பதோ என்று பாட்டியார் சினந்தது வேறு கதை. எருவின் நாற்றம் அறைத்தோழர்க்கு ஆகாதென்றெண்ணி, எருவை அகற்றித் தச்சுப்பட்டறையிற் பெற்ற தூய தேக்கந்தூளை இட்டோம். அந்தோ, எம் பேதைமை! கறையானும் எளிதில் தீண்டாத தேக்கைப் புழு எங்ஙனம் உண்ணும்? அவை மேலேறி அலைந்தன. பத்து நாளில் இரண்டு மடிந்தன.

இப்புழுவிற்கு வேண்டுவது, காளானும் நுண்ணுயிரும் முன்னரே மென்மையாக்கிய மட்கிய பொருளே. பச்சைச் சாணமும் ஆகாது. அது புளித்துச் சூடேறும். ஆதலின் மட்கிய தென்னந்தண்டின் தூளையும் நன்கு ஆறிய பழஞ்சாணத்தையும் கலந்தோம். கையிற் பிடித்தால் உருண்டையாக நிற்றல் வேண்டும், நீர் சொட்டலாகாது. எஞ்சிய மூன்றும் உடனே அதனுட் புகுந்து மறைந்தன. நாற்றமோ, மழை பெய்த மண்ணின் மணமே, தோழரும் பொறுத்தனர்.

ஐந்து திங்கள் கழிந்து, சென்ற வாரம் ஒன்று கொம்புடன் வெளிப்போந்தது. தோப்பில் விடுதல் பாட்டியார்க்குச் செய்யும் துரோகம். கொல்லவோ கை எழவில்லை. வாழைப்பழத் துண்டொன்றை இட்டுச் சாடியை மூடிவைத்திருக்கின்றோம்.