மூச்சை அடக்காதே!

தென்காசிக்காரனுக்குத் தண்ணின்னா குற்றாலம்தான் மக்கா. மெயினருவியில தலையைக் கொடுக்கும்போது மூச்சை அடக்கிக்கணும்னு தாத்தா சொல்லித்தந்தார். புதுச்சேரிக்கு ஸ்கூபா கத்துக்கப் போனா, முதல் விதியே 'மூச்சை அடக்காதே'! 10 மீட்டர் ஆழத்துல அடக்கின மூச்சோட மேலே வந்தா காத்து ரெண்டு மடங்கா விரியும், நுரையீரல் கிழிஞ்சிடும்.

முன்னெல்லாம் புது ஆட்களை அடியில மண்டிபோட வச்சுத்தான் மாஸ்க்குல புகுந்த தண்ணியை வெளியேத்தப் பழக்குவாங்களாம். 2013ல 'பாடி' அமைப்பு (பேரைக் கேட்டுச் சிரிக்காதீங்க) பாடத்தைத் திருத்தினப்போ, மிதந்துகிட்டே செய்யப் பழக்கணும்னு பயிற்சியாளர்களுக்கு அழுத்திச் சொல்லிடுச்சு. எனக்கு மண்டி போட்டாத்தான் தைரியம். ஆனா மன்னார் வளைகுடாப் பவளத்து மேல மண்டி போட முடியுமா? ஒடிஞ்சிடும்.

மாஸ்க்குல தண்ணி வந்ததும் மூணு தடவையும் குற்றாலப் பழக்கத்துல மூச்சை அடக்கிட்டேன். மேலே வந்ததும் சார் திட்டல, "மூக்கு வழியா ஊதுங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னார். அடுத்த மாசம் மறுபடி போறேன். தாத்தாகிட்ட இன்னும் சொல்லல :-)