பின்னால் இழுத்தால் முன்னால் பாயும் வண்டி

பெருநாள் காசு கைக்கு வந்ததும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சேலம் கடைவீதியில் வாங்கும் பொருள்களுள் ஆண்டு தவறாமல் இடம்பெறுவது, பின்னால் இழுத்து விட்டால் முன்னால் பாயும் சிறு கார். அதற்குப் பேட்டரி இல்லை, சாவியும் இல்லை. ஒரு சாண் பின்னோக்கி இழுத்துக் கையை எடுத்தால், திண்ணையின் மறுமுனை வரை ஓடிப்போய்ச் சுவரில் முட்டுகிறது. நாம் கொடுத்தது ஒரு சாண். அது ஓடியதோ பத்துச் சாணுக்கும் மேல். மீதியைக் கொடுத்தது யார்? இக்கேள்வியை எங்களிடம் கேட்டவன் எங்கள் தம்பியின் மகன். வயது எட்டு. அவனுடைய அத்தா நாமக்கல் லாரியில் ஓட்டுநர். மாதத்தில் சில நாட்களே வீட்டில் இருப்பவர். அந்தக் காரும் அவர் பயணத்திலிருந்து வாங்கி வந்ததுதான். ஆகவே கேள்வியைத் தட்டிக்கழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

காரின் அடியில், கட்டைவிரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். மோட்டார் என்று சொல்வது அதைத்தான். உள்ளே ஒரு மெல்லிய எஃகுப் பட்டை நத்தை ஓடுபோலச் சுருண்டு கிடக்கிறது. அதன் உள்முனை நடுவிலுள்ள அச்சில் மாட்டப்பட்டிருக்கும். வெளிமுனை, சுற்றியுள்ள கூட்டின் சுவரைப் பற்றியிருக்கும். காரைப் பின்னால் இழுக்கும்போது சக்கரம் பின்னோக்கிச் சுழன்று, பற்சக்கரங்களின் வழியாக அந்தப் பட்டையை இறுக்குகிறது. கையை விட்டதும் பட்டை விரிய முயல்கிறது. அந்த விரிவே சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றுகிறது.

இதில் நுட்பம் என்னவென்றால், இறுக்குவதற்கு ஒரு வழி, விரிவதற்கு வேறொரு வழி. பெட்டிக்குள் ஒரு பற்சக்கரம் நிலையான துளையில் அமராமல் சற்றே நீண்ட துளையில் அமர்ந்திருக்கிறது. சக்கரம் பின்னால் சுழன்றால் அது ஒரு பக்கம் நகர்ந்து பல்லோடு பல் சேர்கிறது; முன்னால் சுழன்றால் விலகிக்கொள்கிறது. பின்னால் இழுக்கும் வழியில், சக்கரம் சில சுற்றுகள் சுற்றினாலே பட்டை நன்றாக இறுகிவிடும். விரியும் வழியிலோ, பட்டையின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் பல சுற்றுகள் சுற்றும். மீதித் தூரம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அது இலவசமாக வருவதில்லை. காரைப் பின்னால் இழுக்கும்போது கைக்குத் தெரியும் கனத்தைக் கவனியுங்கள். பிறகு ஓடிவரும் காரை ஒரு விரலால் தடுத்துப் பாருங்கள். இழுத்தபோது விசை அதிகம், தூரம் குறைவு. ஓடும்போது தூரம் அதிகம், விசை குறைவு. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், உராய்வில் கரைந்தது போக, கணக்கு நேராகும். தொப்பூர்க் கணவாயில் பாரம் ஏற்றிய லாரி ஏறும்போது ஓட்டுநர் கியரைக் குறைப்பதும் இதே கணக்குத்தான். இதைப் பிள்ளைக்குச் சொன்னபோது, பட்டையைவிடத் தன் அத்தா கியர் மாற்றுவதுதான் அவனுக்கு முதலில் விளங்கியது.

காரை மேலும் மேலும் இழுத்தால் 'டிக், டிக்' என்று ஓர் ஓசை கேட்கும். பலர் அதைக் கேட்டதும் உடைந்துவிட்டதென்று அஞ்சுவர். உண்மையில் அது பாதுகாப்பு. பட்டை முழுவதும் இறுகியபின் அதன் வெளிமுனை கூட்டின் சுவரிலுள்ள பள்ளங்களில் வழுக்கிச் செல்கிறது. அதனால் பட்டை அறுந்துபோவதில்லை. சிவப்புச் சிமெண்ட் தரையில் சுண்ணக்கட்டியால் கோடுகள் போட்டு அவன் அளந்து பார்த்தான். 'டிக்' கேட்கும் வரை இழுப்புக் கூடக் கூட ஓட்டமும் கூடியது; அதற்குப் பிறகு எவ்வளவு இழுத்தாலும் ஒரு விரற்கடை கூடக் கூடவில்லை.

சுருண்ட பட்டை நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. பழைய பள்ளிவாசல்களில் மோதினார் வாரம் ஒருமுறை சாவி கொடுத்துவந்த ஊசல் கடிகாரத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் வயிற்றிலும் இதே எஃகுச் சுருள்தான். கார் தன் சுருளைச் சில நொடிகளில் செலவழித்துவிடுகிறது; கடிகாரமோ அதே சுருளை எட்டு நாட்கள் வைத்துச் செலவழிக்கிறது. வேறுபாடு, விரியும் சுருளைத் தடுத்துத் தடுத்து விடும் பல்லிலும் ஊசலிலும் இருக்கிறது. அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் கடிகாரத்தின் முட்களும் காரைப் போலவே பாய்ந்துவிடும். கி.பி. 1206இல் தம் நூலை முடித்த அல்ஜஸரீ, நீரையும் மிதவையையும் எடைகளையும் கொண்டே தம் கருவிகளை இயக்கினார். 16ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல்லில் வாழ்ந்த வானியலாளர் தகீயுத்தீன், எடையால் ஓடும் கடிகாரங்களோடு சுருளால் ஓடும் கடிகாரங்களையும் தம் நூலில் விளக்கியிருக்கிறார்.

எல்லா இரும்பும் இந்த வேலையைச் செய்யாது. கட்டடம் கட்டும் இடத்தில் கிடக்கும் கட்டுக்கம்பியை வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். தச்சரின் எஃகு டேப்பை வளைத்துவிட்டால் துள்ளி நிமிரும். இரும்பில் கரி தக்க அளவில் கலந்து, காய்ச்சிக் குளிர்வித்துப் பதப்படுத்தினால்தான் அந்தத் துள்ளல் வரும். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற ஆங்கிலேயக் கடிகாரக்காரர், கடிகாரச் சுருளுக்கு நல்ல எஃகு கிடைக்காத குறையால்தான் மூசையில் எஃகை உருக்கும் முறையைத் தேடிக் கண்டார். நம் சேலத்துக் கொல்லர்களோ அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் மண்மூசையில் அடைத்து உலையில் வைத்து எஃகு செய்துவந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியத்திலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் இதை எழுதிவைத்தார். 1830வாக்கில் பரங்கிப்பேட்டையில், நம்மவர் மஹ்மூது பந்தர் என்று அழைக்கும் அதே ஊரில், சேலத்துத் தாதுவைக் கொண்டு இரும்பாலை நடத்தியவரும் அவரே. இன்று கஞ்சமலை அடிவாரத்தில் நிற்கும் இரும்பாலையைப் பிள்ளைகள் அறிவார்கள். ஆவாரங்குச்சியின் கதையை அறிந்தவர்கள் குறைவு. திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்திற்கே 'இரும்பு' என்று பெயர் என்பதை அவனுக்குச் சொன்னபோது, "அப்ப எஃகுக்கு எத்தனாவது?" என்று கேட்டான்.

சென்ற மாதம் அந்தக் கார் நின்றுவிட்டது. இழுத்தால் சக்கரம் இறுகி நின்றது, விட்டால் அசையவில்லை. புதிது வாங்கித் தருவதாகச் சொன்னோம். வேண்டாம் என்றான். அத்தா அடுத்த நடைக்கு வருவதற்குள் இதுவே ஓட வேண்டும் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விலை நூறு ரூபாய்க்கும் குறைவான பொருள்தான். ஆனால் அவன் பார்வையில் அது தன் அத்தா வீட்டில் விட்டுச்சென்ற வண்டி.

அஸருக்குப் பிறகு பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். மோட்டார்ப் பெட்டியைத் திறக்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: சுருள் இருக்கும் கூட்டைத் திறக்காதீர்கள். திறந்தால் பட்டை சவரத் தகடுபோலத் துள்ளி வெளியே வரும். விரலையோ கண்ணையோ கிழித்துவிடும். பற்சக்கரப் பக்கத்தை மட்டும், பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு, பெரியவர் கையால் திறக்க வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் உதிரும் பற்சக்கரங்களை எண்ணி வையுங்கள். வாயில் போட்டுவிடுவார்கள். வாங்கும்போதே ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு அது கட்டாயம்.

சுருள் நலமாகவே இருந்தது. பின்அச்சைச் சுற்றித் தலைமுடியும் பாயின் நூலும் கயிறாக முறுக்கிக் கிடந்தன. ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எடுத்தோம். மக்ரிபு பாங்கு சொல்லும்வரை எடுத்தோம். அதற்குப் பிறகும் கார் ஓடவில்லை, நொண்டியது. வெள்ளைப் பற்சக்கரம் ஒன்றில் ஒரு பல் இல்லை. பரணில் கிடந்த அவன் அக்காளின் உடைந்த ஜீப்பைக் கழற்றிப் பார்த்ததில் அதே அளவுப் பற்சக்கரம் இருந்தது. இந்த மலிவான மோட்டார்களில் பல, ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கின்றன.

தம்பி வந்த இரவு, பிள்ளை அவரை லுங்கியோடு தரையில் உட்காரவைத்துக் காரை இழுத்துக் காட்டினான். அவர் காரைக் கவிழ்த்துப் பார்த்து, "கியர் பாக்ஸை யாரு எறக்குனது?" என்றார். அவன் பதில் சொல்லாமல் சுண்ணக்கட்டியை எடுத்துவரப் போனான்.