கடல் இல்லாத ஊரில் கடற்படை விமானிகள்!

சென்னை சென்ட்ரலில் இருந்து மின்சார ரயிலில் சுமார் 70 கி.மீ. போனால் அரக்கோணம். நம்மில் பலருக்கு அது ரயில் மாறும் ஜங்ஷன் மட்டும்தான். ஆனால், இந்தியக் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் உருவாவது இங்கேதான்!

ஊருக்கு அருகில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில்தான் 1992 மார்ச் 11 அன்று, அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் ‘ஐ.என்.எஸ். ராஜாளி’யைத் தொடங்கிவைத்தார். நம்ம ஊர் வேட்டைப் பறவையின் பெயர். ஓடுபாதையின் நீளம் 4 கிலோமீட்டருக்கும் மேல். அதே காலத்தில், கொச்சியில் இயங்கிவந்த ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் இங்கே குடிவந்தது. ‘ஐ.என்.ஏ.எஸ். 561’ என்பது அந்தப் படைப்பிரிவின் பெயர்.

இங்கே பயிற்சிக்கு உதவுவது சேத்தக் ஹெலிகாப்டர். ஒற்றை எஞ்சின், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அந்தரத்தில் அசையாமல் நிறுத்துவதுதான் ஹெலிகாப்டர் ஓட்டுவதில் சவாலான பாடம். ஒரு கை உயரத்தைக் கவனிக்க, மறு கை திசையைப் பிடிக்க, இரு கால்களும் வாலைத் திருப்ப வேண்டும். தரையில் இது கைவந்தால்தான், நாளை அலையில் ஆடும் கப்பல் தளத்தில் இறங்க முடியும். கடலில் தத்தளிப்பவரின் தலைக்கு மேல் நின்று, கயிறு இறக்கித் தூக்க முடியும். இங்கே கற்கும் நிதானத்தில் ஓர் உயிர் தொங்குகிறது!

2024 ஜூன் 7 இந்தப் பள்ளிக்கு மறக்க முடியாத நாள். 22 வாரப் பயிற்சி முடித்து 21 அதிகாரிகள் ‘தங்கச் சிறகு’ சின்னம் பெற்றார்கள். அவர்களில் சப்-லெப்டினன்ட் அனாமிகா பி.ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி ஆனார். லடாக்கில் இருந்து கடற்படை அதிகாரியான முதல் நபர், லெப்டினன்ட் ஜம்யாங் செவாங்கும் அன்றுதான் சிறகு பெற்றார். கடலே இல்லாத மண்ணில் பிறந்தவர், கடலே இல்லாத ஊரில் கடல் விமானி ஆகியிருக்கிறார்!

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது, பயணிகள் விமானங்களுக்குக் கைகொடுத்ததும் இதே ராஜாளி ஓடுபாதைதான்.

பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் உள்ளே நமக்கு அனுமதி இல்லை. ஆனால், வானத்துக்கு ஏது வேலி? அடுத்த முறை அரக்கோணத்தில் ரயில் மாறும்போது, தடதடவெனச் சத்தம் கேட்டால் குழந்தைகளுக்கு மேலே காட்டுங்கள். உள்ளே ஓர் இளம் விமானி, அசையாமல் நிற்கப் பழகிக்கொண்டிருக்கலாம்!