பனி நாட்டில் ஒரு பூந்தோட்டம்



நான் எழுதிப் பழக்கமில்லாதவன். ஓ.எல். வகுப்போடு என் படிப்பு நின்று போனது. நோர்வேயின் வட அந்தத்தில், பின்மார்க் மாகாணத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 2010ஆம் ஆண்டு இந்த நாட்டுக்கு வந்தேன். இத்தனை வருடத்தில் என் கை நன்றாக அறிந்தது கத்தியையும் கொட் மீனையும்தான். ஆனாலும், எங்கள் வீட்டு முற்றத்துப் பூந்தோட்டத்தைப் பற்றியும், அதன் பொருட்டு நாங்கள் ட்ரொம்சோ நகருக்குப் போய் வந்த பயணத்தைப் பற்றியும் எழுதினால், புதிதாகக் குடியேறியிருக்கும் எம்மவர் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதனால் எழுதத் துணிந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிராமம்

எங்கள் கிராமத்தில் மரம் என்று சொல்லத்தக்க மரம் இல்லை. முன்னால் கடல், பின்னால் மொட்டை மலை. மே மாத நடுப்பகுதியிலிருந்து யூலை மாதக் கடைசி வரை சூரியன் மறைவதில்லை. நவம்பர் பின்பகுதியில் போகும் சூரியன் சனவரி பின்பகுதியில்தான் திரும்ப முகம் காட்டும். காற்று எப்போதும் உண்டு.

ஒரு காலத்தில் பின்மார்க்கின் மீன்பிடிக் கிராமங்களில் தமிழர் நிறையப் பேர் இருந்தார்கள். பலர் சில வருடம் உழைத்துவிட்டு ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள். அங்கே கோயில் உண்டு, தமிழ்ப் பாடசாலை உண்டு, கறிவேப்பிலை வாங்கும் கடை உண்டு. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். என் மனைவி 2016இல் வந்தா. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருசம் ஒஸ்லோ" என்பதே எங்கள் வீட்டுப் பேச்சு. 2019இல் ஒரு பழைய வீட்டை மலிவாக வாங்கியதும் கூட, விற்றுவிட்டுப் போகலாம் என்ற எண்ணத்தோடுதான்.

அந்த வீட்டுக்கு ஒரு முற்றம் இருந்தது. முற்றத்தைக் கண்டதும் எனக்கு ஊரில் எங்கள் வளவு ஞாபகம் வந்தது. கிணற்றடியில் செவ்வரத்தை, படலையடியில் மல்லிகைப் பந்தல், வேலியோரம் பட்டிப்பூ. அம்மா விடிய எழும்பிப் பூப் பறித்து வந்து சாமிப் படத்துக்கு வைப்பா. அந்த ஆசையில் மண்வெட்டியை எடுத்தேன்.

"அடுத்த வருசம் ஒஸ்லோ போறம் எண்டு நீங்கள்தானே சொல்லுறியள். பிறகு ஏன் மண்ணைக் கிண்டுறியள்?" என்று மனைவி கேட்டா. என்னிடம் பதில் இருக்கவில்லை.

தோல்விகள் மூன்று

முதலாவது தோல்வி மல்லிகை. ஒஸ்லோவிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்து தந்த கன்று அது. 2019 யூன் மாதத்தில் ஒரு நாள் நல்ல வெயில். ஆசையில் அதை நிலத்தில் நட்டேன். மூன்றாம் நாள் பனி கலந்த மழையும் கடற்காற்றும் வந்தன. காலையில் பார்த்தபோது இலை எல்லாம் அவித்த கீரை போலக் கறுத்துக் கிடந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் ஒன்றும் பேசவுமில்லை.

இரண்டாவது தோல்வி பனிமான். அந்த வருட இலையுதிர் காலத்தில் 60 துலிப் கிழங்குகள் புதைத்தேன். துலிப்புக்குக் குளிர் தேவை. குளிர் படாமல் அது ஒழுங்காகப் பூக்காது. ஆகையால் இது தப்பாது என்று நம்பினேன். தப்பவும் இல்லை, அழகாக மொட்டு விட்டது. கோடையில் சாமி இன மக்களின் பனிமான் கூட்டங்கள் கரைப் பக்கம் மேய வருவது இங்கு வழக்கம். ஒரு நாள் வேலையால் வந்து பார்த்தால் மூன்று மான்கள் முற்றத்தில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் குனிந்து சாப்பிட்டன. ஒரு மொட்டும் மிஞ்சவில்லை.

மூன்றாவது தோல்வியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தொலைபேசியில் அம்மா, "தம்பி, மீன் கழுவின தண்ணியை ஊத்திப் பார். எங்கடை கறிவேப்பிலை எப்பிடி வளந்தது எண்டு தெரியும்தானே" என்றா. மீன் தொழிற்சாலையில் வேலை செய்பவனுக்குத் தண்ணீர் என்ன, தலையே கிடைக்குமே என்று நினைத்தேன். முதலாளியிடம் கேட்டு ஒரு பெட்டி கொட் தலை கொண்டுவந்து பாத்தியில் தாழ்த்தேன். ஊரில் என்றால் சில வாரத்தில் உக்கிவிடும். இங்கே மண் குளிர்ந்து கிடக்கிறது, எளிதில் உக்காது. கடற்காகங்கள் கூட்டமாக வந்து கிண்டின. தலைகள் அயல் வீட்டு வாசல் வரை போயின. நாற்றம் ஒரு மாதம் நின்றது.

அயல் வீட்டில் எண்பது வயதை நெருங்கிய ஓர் அம்மா தனியாக இருக்கிறா. என் மகள் அவவை "பெஸ்தமூர்", அதாவது அம்மம்மா, என்றுதான் கூப்பிடுவாள். பேசப்போகிறா என்று பயந்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அவ சிரித்துவிட்டு என்னைக் கடற்கரைக்குக் கூட்டிச் சென்றா. எங்கள் ஊர்க் கரையில் சாதாளை ஒதுங்குவது போல இங்கும் கடற்பாசி ஒதுங்கிக் கிடந்தது. அதை அள்ளி வந்து, மழையில் உப்புக் கழுவப்பட விட்டு, பிறகு பாத்திக்குப் பரப்பச் சொன்னா. இந்தக் கரையில் அந்த நாளிலிருந்தே இதுதான் பசளையாம்.

அன்று அவ சொன்ன ஒரு கதையை இங்கு குறிப்பிட வேண்டும். 1944ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பின்வாங்கிய யேர்மன் படையினர் பின்மார்க்கையும் வட ட்ரொம்ஸ் பகுதியையும் வீடு வீடாக எரித்தார்கள். சுமார் 50,000 மக்கள் பலவந்தமாகத் தெற்கே அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்து அவவின் தாயார் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சாம்பலும் புகைபோக்கிக் கல்லும்தான் இருந்தனவாம். ஆனால் பழைய முற்றத்து மூலையில் ருபார்ப் முளைத்து நின்றதாம். நிலத்துக்குக் கீழே இருந்த வேர் எரியவில்லை. அந்த வேரின் பிள்ளைதான் இன்றும் அவவின் வீட்டுப் பின்புறத்தில் நிற்கிறது.

நானும் எரிந்த வீட்டை விட்டு வந்தவன் என்று அவவுக்கு அன்றுதான் சொன்னேன்.

ட்ரொம்சோ பயணம்

"இங்கே என்ன வளரும் என்று தெரிய வேண்டுமானால் ட்ரொம்சோவுக்குப் போய்ப் பார்" என்று சொன்னதும் அவதான். 2022 யூலை விடுமுறையில் நான், மனைவி, நான்கு வயது மகள் மூவரும் புறப்பட்டோம். ஹம்மர்பெஸ்ட் துறைமுகத்தில் மத்தியானம் கரையோரக் கப்பல் ஏறினோம். பாறைத் தீவுகளுக்கு இடையே பதினொரு மணித்தியாலப் பயணம். நள்ளிரவுக்குச் சற்று முன் ட்ரொம்சோவில் இறங்கினோம். வெயில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. கப்பலடிக்கு வந்த சிநேகிதன், "நித்திரையை நாளைக்குக் கொள்ளலாம், இப்பவே வாருங்கோ" என்று நேரே கூட்டிச் சென்றான்.

ட்ரொம்சோ பல்கலைக்கழகத்துக்கு அருகே, பிரைவிக்கா என்ற இடத்தில் இருக்கிறது அந்தத் தாவரவியல் பூங்கா. 1994இல் திறக்கப்பட்டது. உலகத்தின் வட அந்தத்தில் உள்ள தாவரவியல் பூங்கா இதுதான் என்கிறார்கள். வாசலில் கதவு இல்லை. நுழைவுக் கட்டணம் இல்லை. இருபத்துநான்கு மணி நேரமும் யாரும் போகலாம். நாங்கள் நடுச்சாமம் ஒரு மணிக்கு வெயிலில் பூப் பார்த்தோம் என்றால் ஊரில் யார் நம்புவார்கள்?

கண்ணாடி வீடு எதுவும் இல்லை. எல்லாம் வெளியில், பெரிய பாறைகளுக்கு நடுவே. இமயமலைச் செடி, அந்தீஸ் மலைச் செடி, ஆபிரிக்க மலைச் செடி என்று நாடு நாடாகப் பிரித்துப் பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள். வடநோர்வேயின் பழைய வீட்டுத் தோட்டச் செடிகளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்கள். அங்கே எங்கள் பெஸ்தமூர் வீட்டுச் செடிகள் சிலவற்றையும் கண்டோம்.

வழியோரத்தில் ஆளுயரத்துக்கு மேல் குடை விரித்தாற்போல் வெள்ளைப் பூவோடு ஒரு செடி நின்றது. "இதுதான் ட்ரொம்சோ பனை" என்றான் சிநேகிதன். பனை என்ற சொல்லைக் கேட்டதும் கிட்டப் போய்விட்டேன். அவன் கையைப் பிடித்து இழுத்தான். அதன் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்பளித்துவிடுமாம். எங்கள் பனை அப்படியா? பிள்ளைகள் உள்ளவர்கள் இந்தச் செடியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இமயமலைப் பகுதியில் என் மனைவி நின்றுவிட்டா. அங்கே நீலப் பொப்பி பூத்திருந்தது. நோர்வேஜிய மொழியில் அதற்கு "வல்முவெசோஸ்தர்", பொப்பியின் சகோதரி என்று பெயர். வானத்து நீலம், இதழ் பட்டுத் துணி போல மெல்லியது. வெப்பமும் வறட்சியும் அதற்கு ஆகாது. தெற்கே சூடான இடங்களில் வாடிச் சாகும் இந்தச் செடி, குளிரும் ஈரமும் உள்ள இந்த வடக்கில் நன்றாகப் பூக்கிறது என்று சிநேகிதன் விளங்கப்படுத்தினான்.

மனைவி கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு, "இஞ்சேருங்கோ, இது எங்கடை முற்றத்திலை வருமே?" என்று கேட்டா. எங்கடை முற்றம் என்று அவ சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மறுநாள் ஒரு தோட்டக் கடையில் இரண்டு கன்று வாங்கினோம். பெட்டியில் வைத்து, கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம்.

தோட்டம் வைக்க விரும்புவோருக்கு

பட்டறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நோர்வேயில் செடி வாங்கும்போது அட்டையில் "எச்" என்ற எழுத்தும் 1 முதல் 8 வரை ஓர் இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். குளிரை எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு அது. எச் 8 என்றால் மிகக் கடும் குளிரையும் தாங்கும். எங்களைப் போல வடக்கில் இருப்பவர்கள் எச் 7, எச் 8 வாங்குவது நல்லது.

"ஸ்தௌடர்" என்று எழுதியிருந்தால் அது வருடா வருடம் வேரிலிருந்து முளைக்கும் செடி. "சொம்மர்புளொம்ஸ்தர்" என்றால் ஒரு கோடைக்கு மட்டும்தான். முதல் வருடத்தில் வேரூன்றும் செடியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள்.

பனிமான் வரும் ஊரில் துலிப்பை விட, "போஸ்கலில்யெ" என்னும் மஞ்சள் நார்சிசு நல்லது. அதில் நஞ்சு இருப்பதால் மிருகங்கள் பெரும்பாலும் தொடாது. பழைய வீட்டு முற்றங்களில் நீலநிறத் தொப்பி போன்ற பூவோடு உயரமாக ஒரு செடி நிற்கும். சித்த வைத்தியத்தில் வச்சநாவி என்று சொல்வார்களே, அதே இனம். கடும் நஞ்சு. சிறு பிள்ளைகள் இருந்தால் அகற்றிவிடுங்கள்.

ஊரிலிருந்து விதையோ கன்றோ கொண்டுவரச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, இங்கேயே வாங்குங்கள். மல்லிகையைச் சாடியில் வைத்து, வீட்டுக்குள் யன்னலோரம் வளர்க்கலாம். இருட்டு மாதங்களில் செடி வளர்க்கும் விளக்குப் போட்டால் தப்பும். எங்கள் இரண்டாவது மல்லிகை அப்படித்தான் நிற்கிறது. ஒரு மார்ச் மாதத்தில் மூன்றே மூன்று பூப் பூத்தது. மூன்றும் சாமிப் படத்துக்குப் போயின.

மொட்டு

2022இல் நட்ட இரண்டு நீலப் பொப்பிகளில் ஒன்று அந்த மாரியிலேயே செத்துப்போனது. காற்று பனியை அள்ளிக்கொண்டு போனதால் வேர் மூடாமல் கிடந்து உறைந்துவிட்டது. பனி செடிக்குப் போர்வை என்பதை அப்போதுதான் படித்தேன். மற்றதற்கு மேல் கிளைகளைப் பரப்பி, பனி நிற்கும்படி செய்தோம்.

2023 யூன் மாதக் கடைசியில் அதில் ஒரு மொட்டு வந்தது. மகள் ஓடிப்போய்ப் பெஸ்தமூரைக் கூட்டி வந்தாள். அவ பார்த்துவிட்டு, "வெட்டிவிடுங்கள்" என்றா. இந்தச் செடியை முதன்முறை வந்த மொட்டிலேயே பூக்க விட்டால், பலமெல்லாம் பூவுக்குப் போய், விதை போட்டுவிட்டுச் செத்துப்போகலாம். மொட்டை வெட்டினால் வேர் பெருத்து, பக்கக் கன்று வைத்து, பல வருடம் நிற்கும்.

அந்த மாதத்தில்தான் ஒஸ்லோவில் எனக்கு ஒரு வேலைக்குக் கதை வந்திருந்தது. மறுமொழி சொல்ல ஒரு கிழமை தந்திருந்தார்கள். போவதென்றால் அந்த ஒரு பூவைப் பார்த்துவிட்டுப் போகலாம். நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தா. தன் கையாலேயே மொட்டை வெட்டினா. மகள் அழுதாள். "அழாதை, அடுத்த வருசம் பூக்கும்" என்றா.

2024 யூலையில் அந்தச் செடியில் நான்கு பூக்கள் பூத்தன. அம்மாவுக்குத் தொலைபேசியில் காட்டினேன். "நீலத்திலையும் இப்பிடிப் பூவோ!" என்று அதிசயப்பட்டு, சாமிக்கு வைக்கலாமோ என்று கேட்டா. ஒரு பூவைப் பறித்து வைத்தோம்.

பெஸ்தமூர் தன் ருபார்ப் வேரில் ஒரு துண்டு வெட்டித் தந்திருக்கிறா. எங்கள் முற்றத்து மூலையில், காற்றுப் படாத பக்கமாகப் பார்த்து நட்டிருக்கிறோம். உங்கள் வீட்டில் என்ன நட்டீர்கள், எது வந்தது, எது செத்தது என்று நீங்களும் இந்தப் பக்கங்களில் எழுதுங்கள். வாசிக்க ஆவலாக இருக்கிறோம்.